பக்தியா, அப்பிளா

விழாவில் நடனமாட வேண்டிய பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்குப் பக்கத்து நகரமான ஒஷாவாவில் இருக்கப் போகிறார்கள் என்பது, விழா நெருங்கிய பிறகுதான் சந்திரவதனாவுக்குத் தெரியவந்தது. நடன ஆசிரியையின் மூத்த மாணவிக்கு அங்கே அரங்கேற்றம். மூத்தவளின் அரங்கேற்றத்துக்கு வராத பிள்ளைக்கு அடுத்த வருடம் பின்வரிசைதான் என்பது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த சட்டங்களை மீறினால் தப்பிக்கலாம், இதில் தப்பமுடியாது. ஆகவே விழா நிகழ்ச்சி நிரலில் "தமிழ்ப் பள்ளி வழங்கும் நிகழ்ச்சி" என்ற இடத்தில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது.

ஓட்டை கிடந்தால் கிடக்கட்டுமே என்று கேட்கலாம். அதற்கு அந்தக் கட்டடம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் விளக்கவேண்டும்.

ஸ்காபுரோவின் கிழக்கு ஓரத்தில், டயர்க் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில், பிறாட் தேவாலயம் என்று ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் மேலே ஆராதனைக்கு வருகிறவர்கள் ஒரு சின்ன வான் வண்டிக்குள் அடங்குவார்கள். எல்லாரும் வயதானவர்கள், முன்வரிசை வாங்குப் பலகைகளை யாரோ வரப்போகிறவர்களுக்காக விட்டுவிட்டுப் பின்வரிசையில் இருப்பார்கள். அதே நேரம் கீழே பேஸ்மென்ற் மண்டபத்தில் அறுபது பிள்ளைகள். அனேகம் பேர் மட்டக்களப்புச் சைவக் குடும்பங்களின் பிள்ளைகள். அ ஆ எழுதி, தேவாரம் பாடி, இடைவேளையில் ரோல்ஸ் சாப்பிடுவார்கள். கீழே தேவாரம் உச்சத்துக்குப் போகும்போது மேலே போதகர் ஜெபத்தை நிறுத்திவைத்துக் காத்திருப்பார். இரண்டு கடவுள்களுக்கும் இடையில் சத்தம் சண்டை எதுவும் கிடையாது.

தமிழ்ப் பள்ளியை நடத்துகிறவள் சந்திரவதனா. கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அந்த வேலையின் முக்கால்வாசி, வைத்தியர் சொன்னதை நோயாளி எழுந்து ஓடிவிடாதபடி திருப்பிச் சொல்வதுதான். முரசுச் சதையைக் கிழித்துப் பல்லை எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னால், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்று இவள் சொல்வாள். அது பொய் இல்லை. இறுக்கமாகவும் இருக்கும்.

இந்த வருடம் மண்டபத்துக்குப் போட்டியாக ஒரு கூட்டம் வந்தது. பிக்கிள்போல் ஆடுகிறவர்கள். டென்னிசுக்கும் மேசைப்பந்துக்கும் கலியாணம் செய்துவைத்தால் பிறக்கக்கூடிய விளையாட்டு அது. முழங்கால் தேய்ந்தவர்களும் ஆடலாம் என்பதால் கனடா முழுவதும் காட்டுத்தீயாகப் பரவியிருக்கிறது. அவர்களுக்கு ஞாயிறு காலைதான் வேண்டுமாம். விழா முடிந்ததும் முடிவு சொல்வதாகத் தேவாலயக் குழு அறிவித்தது. குழு என்றால் றிச்சர்ட். மற்ற இருவரும் அவர் கை தூக்கினால் தூக்குவார்கள்.

றிச்சர்ட் ஓய்வுபெற்ற நில அளவையாளர். நெடிய மனிதர். நல்ல மரியாதை உள்ளவர். அந்த மரியாதைதான் பயம். அவர் சிரித்தபடி தலையசைத்தால் ஆமா இல்லையா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நூற்றெழுபது வருடத்துக்கு முன்னர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிவைத்த எஸ்தர் பிறாட் அம்மையார், அவருடைய பாட்டனாருக்குப் பாட்டி. விழாவே அந்த நூற்றெழுபதைக் கொண்டாடத்தான். ஆகவே சந்திரவதனாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அன்றைக்கு றிச்சர்ட்டின் மனம் குளிரவேண்டும். குளிர்ந்தால் மண்டபம். குளிராவிட்டால் அடுத்த மண்டபம் தூரத்தில், பிக்கரிங்கில். பிக்கரிங்குக்குப் பள்ளி போனால் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். மிச்சப் பாதி ஒன்பது மணி வகுப்புக்குப் பத்தரைக்கு வரும்.

எஸ்தர் அம்மையாரின் கதையை றிச்சர்ட் ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்திருந்தார். நல்ல அளவையாளர் எழுதிய புத்தகம். எந்த மரம் எங்கே நின்றது என்பதுகூட அதில் இருந்தது.

அந்தக் காலத்து ஞாயிறு பள்ளியை இன்றைக்கு நினைத்துப் பார்ப்பது கொஞ்சம் கடினம். பிள்ளைகள் வாரம் முழுவதும் வேலை செய்தார்கள். ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலை, மாவு ஆலை, அப்பன்மாரின் வயல். பள்ளிக்கூடம் போக நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாம் மூடியிருக்கும். அன்றைக்கு விளையாடுவதும் பாவம், விசிலடிப்பதும் பாவம். பெரியவர்கள் மண்ரோட்டால் நெடுந்தூரம் நடந்து கோவிலுக்குப் போய் மதியம்வரை பிரசங்கம் கேட்பார்கள். அப்படியென்றால் என்ன நடக்கும்? ஊரில் பெரியவர்கள் இல்லை. பிள்ளைகளுக்கு வேலை இல்லை. விதவை எஸ்தரின் தோட்டத்தில் அப்பிள் பழுத்துக் கிடக்கிறது. யந்திரத்துக்கு எண்ணெய் விட்டதுபோல மிச்சம் தானாக நடந்தது.

ஒரு ஞாயிறு எஸ்தர் தலைவலி என்று சொல்லிக் கோவிலுக்குப் போகாமல் வீட்டில் நின்றார். மரத்தில் ஏறியிருந்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். அடிக்கவில்லை. இறக்கி, மரத்தடியில் வரிசையாக இருத்தி, வேதாகமத்தைத் திறந்து வாசித்தார். அடுத்த ஞாயிறும் வரச்சொன்னார். எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதப் பழக்கினார், நாங்கள் அரிசியில் எழுதத் தொடங்குகிற மாதிரி. தெரிந்தவர்களுக்குப் புத்தகம். பாடம் சரியாகச் சொன்னவருக்கு ஓர் அப்பிள் பரிசு. அப்படித்தான் பள்ளி தொடங்கியது, அம்மையாரின் இரக்கத்தினாலும் பக்தியினாலும், என்று புத்தகம் முடிந்தது.

இராசமணி அக்கா இந்தப் புத்தகத்தைத் தமிழ்ப் பள்ளிச் சமையலறையில் நின்று வாசித்தார். விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் ஆலையில் வேலை செய்கிறவர். வாய்க்குப் பூட்டில்லாதவர் என்று ஓட்டமாவடி தொடக்கம் ஸ்காபுரோ வரைக்கும் பெயர். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, "உது பள்ளிக்கூடமில்ல சந்திரா, வேலி," என்றார்.

"அக்கா, மெதுவாக் கதையுங்கோ."

"பின்ன என்ன கா?" என்றார் அக்கா. "கம்பிக்குப் பதிலாப் பைபிள். அவ்வளவுதான் வித்தியாசம்."

பக்கத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ராகவன் இதை மறுத்தார். ராகவன் திருச்சிக்காரர், கணினி வேலை. விட்பியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். மனிதர்களைப் பற்றி இவ்வளவு மட்டமாக நினைக்கக்கூடாது என்றார். அக்கா திருப்பிக் கொடுத்தார். இருவரும் மாறிமாறிப் பேசியதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் முகம் கோவில் தீபம்போல ஒளிர்ந்தது. அவர் சேலத்துக்காரர். வங்கி ஒன்றின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் பெரிய பதவி. ஆனால் அவருடைய உண்மையான தொழில் பட்டிமன்ற நடுவர். சொந்தமாக மணி வைத்திருந்தார். காரிலேயே வைத்திருந்தார்.

"மேடம், உங்க ஓட்டை அடைஞ்சுடுச்சு," என்றார் சந்திரவதனாவிடம். "ஞாயிறு பள்ளி பிறக்கக் காரணம் பக்தியா, ஆப்பிளா? தலைப்பு பிரமாதமா இருக்கு."

பட்டிமன்றம் வேலைசெய்யும் விதம் வெளியே நின்று பார்ப்பவருக்கு விளங்காது. உலகத்தில் மற்ற விவாதங்கள் உண்மையைக் கண்டுபிடிக்க நடக்கின்றன, அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கின்றன. பட்டிமன்றம் அதற்கில்லை. எல்லாருக்கும் விடை தெரிந்த ஒரு கேள்வியை எடுத்து, இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியைக் கொடுத்து அடிபடவிடுவது அது. எதிராளியை எவ்வளவு கேவலப்படுத்தலாமோ அவ்வளவு படுத்தலாம். இறங்கி வந்ததும் ஒரே தட்டில் வடை சாப்பிடுவார்கள். கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பை வாகனத் தரிப்பிடம் வரைக்கும்கூட யாரும் எடுத்துச் செல்வதில்லை. மணி அடித்தால் முடிந்தது.

இதெல்லாம் தெரிந்த கூட்டத்துக்குச் சரி. றிச்சர்ட்டுக்கு எங்கே தெரியும்? சந்திரவதனா இரண்டு நாள் யோசித்தாள். வேறு நிகழ்ச்சி கிடைக்கவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டு, ஆங்கில நிகழ்ச்சி நிரலில் "எஸ்தர் பிறாட்டின் பணி: இரண்டு பார்வைகள்" என்று போட்டாள். கிளினிக் புத்தி. பிறகு இராசமணி அக்காவைத் தனியே கூப்பிட்டு, கொஞ்சம் பதமாகப் பேசும்படி கேட்டுக்கொண்டாள்.

"பட்டிமன்றத்தில பதமாப் பேசினா அதுக்குப் பேர் இரங்கல் கூட்டம்," என்றார் அக்கா.

விழா அன்று மேலே ஆராதனை முடிந்ததும் தேவாலயக்காரர்கள் கீழே இறங்கி வந்தார்கள். பெரும்பாலானவர்கள் தேநீரும் கேக்கும் இருந்த மேசையைத் தாண்டவில்லை. றிச்சர்ட் மட்டும் முன்வரிசைக்கு வந்து, தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். சந்திரா இங்கே இருக்கவேண்டும், தனக்கு ஒரு சொல்லும் விடாமல் எல்லாம் விளங்கவேண்டும் என்றார். ஒலிபெருக்கி, திரைச்சீலை, ரோல்ஸ், வடை, பொன்னாடை எல்லாவற்றையும் திட்டம்போட்ட சந்திரவதனா இதை மட்டும் திட்டம்போடவில்லை.

ராகவன் முதலில் பேசினார். பக்தி அணி. கடலே, அலையே, கல்வி என்னும் கலங்கரை விளக்கமே என்று ஏறி, மனிதகுலம் முழுவதையும் ஒருமுறை சுற்றிவந்து இறங்கினார். சந்திரவதனா உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தாள். எதையும் மாற்றவேண்டிய தேவை இல்லை. றிச்சர்ட் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், இவர் யாரைப் பற்றிப் பேசினார் என்று மெல்லக் கேட்டார். எஸ்தர் அம்மையாரைப் பற்றி என்றாள். அப்படியா, என்றார் றிச்சர்ட்.

பிறகு இராசமணி அக்கா எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அந்தச் செருகலுக்கே பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார்.

"நடுவர் அவர்களே, எங்கட ராகவன் தம்பி கடலையெல்லாம் காட்டினார். நான் ஒரு மரத்தைத்தான் காட்டப்போறன். அந்த மனுசிக்கு வீடு இருந்ததா இல்லையா? இருந்தது. பெரிய வீடு. புள்ளையள்ல பாசமெண்டா வீட்டுக்குள்ள கூப்பிடுவாங்களா, மரத்துக்குக் கீழ இருத்துவாங்களா? ஏன் மரத்துக்குக் கீழ இருத்தினவ? கண்ணுக்கு முன்னுக்கு இருத்தினவ. ஒரு கையில புத்தகம், மத்தக் கை மணலுக்குள்ள. மறுகா அப்பிள் புடுங்க மூண்டாம் கைக்கு எங்க போற?"

மண்டபம் சிரிப்பில் இடிந்தது. றிச்சர்ட் திரும்பிப் பார்த்தார்.

மொழிபெயர்க்கிறவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம் கிடைக்கும்; அதற்குமேல் கிடைக்காது. அந்த ஒரு மூச்சுக்குள் சந்திரவதனா அறுபது பிள்ளைகளையும் பிக்கரிங் வீதியையும் பார்த்தாள். "எஸ்தர் ஒரு பிள்ளையின் கையைக்கூட வெறுமையாக விடவில்லை என்கிறார்," என்றாள்.

றிச்சர்ட்டின் புருவம் உயர்ந்தது. "அழகு," என்றார்.

மேடையில் அக்கா சூடேறிக்கொண்டிருந்தார். புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது, பள்ளி ஓகஸ்டில் தொடங்கி முதல் உறைபனியோடு மூடும். பக்திக்குச் சீசன் இருக்கா, கடவுள் குளிர்காலத்தில் புளோரிடாவுக்குப் போய்விடுவாரா என்று கேட்டார். அம்மையார் இயற்கையின் பருவங்களோடு இசைந்து வாழ்ந்தவர் என்று றிச்சர்ட்டின் காதுக்குப் போனது. பரிசு அப்பிளைப் பற்றி அக்கா கேட்டார்: அது மரத்தில் பிடுங்கியதா? இல்லை, கீழே விழுந்தது, புழுவோடு விழுந்தது, பன்றிக்குப் போடவேண்டியதைப் பிள்ளைக்குப் போட்டுப் பரிசு என்று பெயர் வைத்தார். அவர் எதையும் வீணாக்காதவர், தன் தோட்டத்தின் பலனைப் பிள்ளைகளோடு பகிர்ந்தவர் என்று போனது.

"மறுகா அந்தப் பாட்டு," என்று அடுத்ததுக்குப் போனார் அக்கா. "ஒண்டு முடிய ஒண்டு, விடாமப் பாடவச்சவ. ஏன்? பாடுற வாய் மெல்லாது."

இதற்கு ஏகாம்பரமே மணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எஸ்தர் தோட்டம் முழுவதையும் பாட்டால் நிரப்பினார் என்று சந்திரவதனா சொன்னாள். சொல்லிவிட்டு யோசித்தாள். இதுவரைக்கும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

சிரிப்பு ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று றிச்சர்ட் கேட்டார். தமிழர்கள் மகிழ்ச்சியில் சிரிப்பார்கள் என்றாள். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணையும் துடைத்த மாதிரி இருந்தது.

ராகவன் மறுத்துப் பேசக் கிடைத்த இரண்டு நிமிடத்தில், குளிர்காலத்தில் ரோடு பனியில் மூடியிருக்கும், பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று ஒரே ஒரு நல்ல கேள்வி கேட்டார். அதே ரோட்டால்தானே அம்மையார் குளிரிலும் கோவிலுக்குப் போனார் என்று அக்கா இருந்த இடத்திலிருந்தே சொல்லி, அதையும் முடித்துவைத்தார்.

இனித் தீர்ப்பு. ஏகாம்பரம் எழுந்து, கழுத்தை ஒருமுறை நீவி, தீர்ப்புக்கு முன்னால் சிறப்பு விருந்தினரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை என்றார். சந்திரவதனா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நடுவர்களுக்கு ஒலிவாங்கி கையில் இருக்கும்போது கண் தெரியாது. றிச்சர்ட் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தார்.

அவர் ஆங்கிலத்தில் பேசினார். அங்கே யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"எங்கள் குடும்பத்தில் எஸ்தரைப் பற்றி நான் நிறையக் கேட்டிருக்கிறேன்," என்றார். "முதலில் பேசியவர் நன்றாகப் பேசினார். ஆனால் இந்த அம்மையார்தான் எஸ்தரை உண்மையாகவே புரிந்துகொண்டிருக்கிறார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றமாட்டேன்."

மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தது. இராசமணி அக்கா, வாழ்நாளில் முதல்தடவையாக, வாயை மூடாமலும் பேசாமலும் இருந்தார். பிறகு கைதட்டல் எழுந்தது; சும்மா கைதட்டல் இல்லை, கதிரைகளில் ஏறி நின்று தட்டிய கைதட்டல். தன் சொந்தப் பாட்டனின் பாட்டியை நாலு பேர் முன்னிலையில் விட்டுக்கொடுத்த மனிதனை அவர்கள் அதுவரை கண்டதில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் அப்படிச் செய்தால் மூன்று தலைமுறைக்குக் கலியாண வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

குடும்பமே ஒப்புக்கொண்ட பிறகு நடுவருக்கு என்ன வேலை என்றார் ஏகாம்பரம். அப்பிள் என்று தீர்ப்புச் சொல்லி மணியை அடித்தார். அக்காவுக்கு ஒரு பொன்னாடை, றிச்சர்ட்டுக்கு ஒரு பொன்னாடை. அந்த மஞ்சள் சரிகை நெடிய தோளில் விழுந்ததும் றிச்சர்ட் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். நாளைக்கு அறிவிப்பதாக இருந்ததை இன்றைக்கே சொல்லிவிடுவதாகச் சொன்னார். எஸ்தரை இவ்வளவு நேசிக்கிறவர்கள் எஸ்தரின் பள்ளியை நடத்துவதுதான் முறை, ஞாயிறு காலை தமிழ்ப் பள்ளிக்குத்தான், பிக்கிள்போல்காரருக்குச் சனிக்கிழமை.

சந்திரவதனா கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் சரியில்லை.

வடை பரிமாறும் இடத்தில்தான் ஆபத்து. ஒவ்வொருவராக வந்து றிச்சர்ட்டின் கையைக் குலுக்கினார்கள். உங்களுக்குப் பெரிய மனசு என்றார் ஒருவர். எங்கள் அம்மம்மாவைப் பற்றி அப்படி யாராவது சொன்னால் கை நீட்டியிருப்பேன் என்றார் இன்னொருவர். றிச்சர்ட் சிரித்தபடி தலையசைத்தார். ஆனால் அந்த நில அளவையாளரின் கண்கள் கோடு எங்கே வளைந்தது என்று தேடத் தொடங்கிவிட்டன. மூன்றாவது ஆள் வருவதற்குள் சொல்லாவிட்டால் அந்த மூன்றாவது ஆள் சொல்லிவிடுவார். ஆனால் சந்திரவதனா அதற்காகச் சொல்லவில்லை. பொன்னாடையோடு நின்ற அந்த மனிதரைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கோட்டுகள் மாட்டும் மூலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை," என்றாள். "அவர் உங்கள் எஸ்தரைப் புகழவில்லை. பள்ளி தொடங்கியது அப்பிளைக் காப்பாற்றத்தான் என்றார். மண்டபம் போய்விடும் என்ற பயத்தில் நான் இனிப்புத் தடவிச் சொன்னேன். நீங்கள் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்."

றிச்சர்ட் தோளில் நழுவிய பொன்னாடையை இழுத்துவிட்டார். பிறகு, "ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்," என்றார். "அவர் சொன்னபடி."

அவள் சொன்னாள். வேலி. மூன்றாவது கை. புளோரிடா. புழு. மூன்றாவது கையை மட்டும் இன்னொருதடவை சொல்லச் சொன்னார். சொன்னதும் இருமலாக மாற்றப்பார்த்த சிரிப்பு ஒன்று கிளம்பி, தோளில் சரிகை குலுங்கியது. புழுவுக்கு மறுப்பே இல்லை. அம்மையார் விழுந்த பழத்தைத்தான் கொடுத்தார், அது குடும்பத்துக்கே தெரியும் என்றார். பாட்டுக்கு வந்ததும் அவர் முகம் மாறியது.

"இல்லை. அது தவறு."

"எது?"

"பாட்டு. குளிர்காலத்தில் பள்ளி மூடிய பிறகும், கிளையில் ஓர் இலைகூட இல்லாத காலத்திலும், ஞாயிறு பிற்பகலில் அவர் தோட்டத்துக்குள் தனியாக நின்று பாடுவார். எங்கள் பாட்டனார் சின்ன வயதில் கேட்டிருக்கிறார். புத்தகத்தில் நான் அதைப் போடவில்லை. காப்பாற்ற அங்கே அப்பிள் இல்லை. எதற்காகப் பாடினார்?"

"இது பக்தி அணிக்குத் தெரிந்திருக்கவேண்டும்."

"உங்கள் பக்தி அணிக்காரர் கடலைப் பற்றிப் பேசினார்," என்றார் றிச்சர்ட். முதன்முறையாக அந்தக் குரலில் மரியாதை இல்லை, சூடு இருந்தது. "புத்தகத்தில் இருந்ததையே அவர் வாசிக்கவில்லை. நடுவரைக் கூப்பிடுங்கள்."

ஏகாம்பரம் வடையோடு வந்தார். விசயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நீதிபதியின் துயரம் பரவியது. மணி அடித்தாகிவிட்டது, பட்டிமன்றத்தில் மேல்முறையீடு என்ற ஏற்பாடே இல்லை என்று விளக்கினார். அப்படியானால் அந்த ஏற்பாட்டை இன்றைக்கு உண்டாக்கிக்கொள்ளலாம் என்றார் றிச்சர்ட். தான் பொதுவில் வாய்விட்டுச் சொன்ன ஒன்று தவறான தகவலின் பேரில் சொன்னது. மண்டபத்தைப் பற்றிச் சொன்னதை மாற்றமாட்டார், அதை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஆனால் எஸ்தரைப் பற்றிச் சொன்னதை மாற்றியே தீருவார். அடுத்த ஞாயிறு, இதே இடம், பக்தி அணியில் தானே பேசுவார்.

"நானே நடுவரா இருக்கிறேன் சார்," என்றார் ஏகாம்பரம், வடையை மறந்து.

"நீங்கள் வேண்டாம்," என்றார் றிச்சர்ட். சந்திரவதனாவின் பக்கம் திரும்பினார். "மொழிபெயர்க்க நீங்களும் வேண்டாம்."

அது நியாயம்தான். சந்திரவதனா சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இராசமணி அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள். தான் என்னென்ன சொன்னாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அக்கா கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் குழாயை மூடினார்.

"அப்ப அந்த மனுசன் நான் சொன்னதுக்குக் கண்கலங்கல்ல. நீ சொன்னதுக்குத்தான் கலங்கினவர்."

"ஓம் அக்கா."

"உனக்கு அடி போடோணும்." பொன்னாடையில் கையைத் துடைத்தார். "குளிருக்குள்ள தனிய நிண்டு பாடினவவாமா?"

"அப்பிடித்தான் சொல்றார்."

அக்கா கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். பதில் கையில் இருக்கிற முகம் அது. அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கவேண்டியிருக்கிறதே என்ற முகம். பிறகு, வாற ஞாயிறு தனக்குக் காலை ஷிப்ட் என்பது அவருக்கு நினைவு வந்தது. சந்திரவதனாவின் கைபேசியை வாங்கி, ஈரக் கையோடேயே, வேலைத்தலத்தில் அன்றைக்குத் தனக்குப் பதிலாக நிற்கக்கூடிய ஆளின் இலக்கத்தை அழுத்தத் தொடங்கினார்.